தலையணை மேல் ஒரு லேப்டாப்

கணவர் போன நாளிலிருந்து அந்த லேப்டாப்பை யாரும் அணைக்கவில்லை.

பாடப்புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைப்பது அவர் தொழில். கட்டிலில் சம்மணமிட்டு, எதிரே தலையணையைப் போட்டு, அதன் மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டுதான் வேலை ஓடும். அறையில் மேசை இருந்தது, மடித்த துணிகளைச் சுமக்க. அன்றும் தலையணை மேல் அப்படியே விட்டுவிட்டு, "இதோ வந்துடறேன்" என்று மருந்துக்கடைக்குக் கிளம்பினார். கடைப் படியில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை.

திரையில் கணக்குப் புத்தகத்தின் ஒரு பக்கம் நின்றது. அதில் ஒரு முக்கோணம். இரண்டு மூலைகளுக்கு எழுத்துப் போட்டிருந்தார். மூன்றாவது மூலை வெறுமனே இருந்தது. பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. அணைந்தால் அணைந்ததுதான்.

கொழுந்தன் கோப்புகளையெல்லாம் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்திருந்தான். திரை தானாகப் பூட்டிக்கொள்ளாதபடியும் செய்திருந்தான். "இனி அணைஞ்சாலும் ஒண்ணும் போகாது அண்ணி" என்றான். அவள் தலையாட்டி வைத்தாள். கோப்புகளுக்காக அதை வைத்திருக்கவில்லை என்று சொல்லலாம்தான். சொல்ல வாய் எழவில்லை. அழுகைகூட வரவில்லை. சமைத்தாள், மாமியாருக்குப் போட்டாள், தானும் சாப்பிட்டாள், எல்லாம் யாரோ செய்வது போல.

இப்போது லேப்டாப் கொதித்தது. உள்ளே விசிறி மூச்சு வாங்கியது. சூடு மிஞ்சிவிட்டது, தானாக அணைந்துவிடும் என்று திரையின் ஓரத்தில் எச்சரிக்கை வந்து போயிற்று. கம்ப்யூட்டர் கடையில் கேட்டதற்கு, திறந்து தூசி எடுக்கலாம், ஆனால் அணைத்துவிட்டுத்தான் திறக்க முடியும் என்றார்கள். கொழுந்தனைக் கூப்பிட்டாள்.

அவன் அட்டைப்பெட்டியோடு வந்தான். தட்டையான பலகை, அதில் இரண்டு விசிறிகள். "கூலிங் பேட் அண்ணி. அடியில வச்சா ஏசி ரூம் மாதிரி." லேப்டாப்பின் முதுகைத் தொட்டவன் கையை உதறினான். "அடேயப்பா! சட்டையை இஸ்திரியே போட்டுடலாம்."

"அதிகமா ஆட்டாதப்பா" என்றாள்.

பலகையைத் தலையணை மேல் வைத்து, அதன் மேல் லேப்டாப்பை வைத்தான். இப்போது மூன்று விசிறிகள் இரைந்தன. சூடு இறங்கவில்லை. எச்சரிக்கை மறுபடி வந்தது. இந்த முறை போகவும் இல்லை.

கொழுந்தன் பலகையோடு சேர்த்து மெல்லத் தூக்கி அடியில் பார்த்தான். தலையணையை ஒரு விரலால் அமுக்கிப் பார்த்தான்.

"என்னப்பா?"

"காத்து உள்ள போற ஓட்டை எல்லாம் அடியில இருக்கு. தலையணை மெத்துனு அமுங்கி மூடிக்குது. பேடையும் கொண்டுபோய் அது மேலயே வச்சிருக்கேன் பாருங்க, என்னை மாதிரி அறிவாளி எவன் இருப்பான்! அண்ணன் வேலை செய்யறப்ப அப்பப்போ தூக்குவான், அணைப்பான். நாமதான் அசைக்கவே இல்ல." மேசைப் பக்கம் திரும்பினான். "இதுக்கு வெளியில இருந்து கூலிங்கே வேண்டாம் அண்ணி. மேசையில வச்சாப் போதும்."

அவர் வைத்த இடத்திலேயே இருக்கட்டும் என்று விட்டதுதான் அதைக் கொதிக்க வைத்திருக்கிறது. அவள் மேசைத் துணிகளை எடுத்து நாற்காலியில் போட்டாள். இரண்டு தடித்த புத்தகங்களை இடைவெளி விட்டு வைத்தாள். பிறகு லேப்டாப்பைத் தானே தூக்கி அவற்றின் மேல் வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் எச்சரிக்கை மறைந்தது. விசிறி தணிந்து, ஓடுகிறதா இல்லையா என்றே தெரியாமல் போயிற்று. முக்கோணம் அப்படியே இருந்தது.

"கடைக்காரன்கிட்ட இதைத் திருப்பணும். பச்சைப்புள்ள மாதிரி முகத்தை வச்சுக்கிட்டுப் போறேன்" என்று பலகையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான் கொழுந்தன்.

அவன் செருப்புச் சத்தம் ஓய்ந்ததும் பக்கத்து அறையிலிருந்து மாமியாரின் குரல் வந்தது.

"அணைஞ்சிடுச்சாம்மா?"

"இல்ல அத்தை. ஓடுது."

"சத்தத்தையே காணோமே."

அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். மேசையைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள். "அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டேதான் படுத்திருப்பேன். அவன் உள்ள வேலை செய்யறான்னு நெனச்சுக்குவேன்." தலையணையைக் கண்ணால் காட்டி, "கொஞ்ச நேரம் மறுபடி அது மேலயே வையேன்" என்றாள்.

"அணைஞ்சிடும் அத்தை."

"தெரியும்."

அவள் நாற்காலியிலிருந்த துணிகளைக் கட்டிலில் தள்ளி, நாற்காலியை மேசையோரம் இழுத்துப் போட்டாள். அத்தை உட்கார்ந்து, லேப்டாப்பின் விளிம்பில் காதை வைத்தாள்.

"கேக்குதா?"

"இல்ல" என்றாள் அத்தை. காதை எடுக்கவில்லை.