சரிபார்ப்புக்கு அனுப்பிய குரல்

கல்வி அமைப்புகள் சமூக ஊடகத்தையும் கற்றல் செயலிகளையும் எப்படிக் கையாள்கின்றன என்பதே லோகேஸ்வரியின் முதுகலை ஆய்வு. அதற்கு அவள் தேர்ந்தெடுத்தது நகரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஒரு கடைவீட்டு மாடியில் இயங்கிய கல்வி அறவாரியத்தை. அதன் முகநூல் பக்கத்தில் காப்பார் என்ற ஊரின் பிள்ளைகள் அது வழங்கிய புதுக் கைக்கணினிகளை நெஞ்சோடு அணைத்தபடி சிரித்தார்கள். அதன் கற்றல் செயலியின் வருகைப் பதிவிலோ காப்பாரிலிருந்து ஒருவர்கூட உள்ளே நுழைந்த தடயமில்லை.

"அது லைன் பிரச்சினை லா," என்றார் ஊடகப் பொறுப்பாளர் சிவநேசன். "போட்டோ பாத்தீங்கல்ல? எல்லாம் ஹேப்பியாத்தான் இருக்காங்க."

காப்பாருக்கே போனபோதுதான் விஷயம் விளங்கிற்று. கைக்கணினிகள் இணையமின்றி அலமாரியில் கிடந்தன. அறவாரியத்தின் பகுதிநேர ஆசிரியை வாணி, செயலியை ஓரங்கட்டிவிட்டு ஒரு வாட்சாப் குழுவில் பாடம் நடத்தினாள். அப்பா வேலை முடிந்து கைப்பேசியோடு வீடு திரும்பியதும் பிள்ளைகள் ஒரு பத்தியை உரக்க வாசித்துக் குரல் பதிவாக வாணிக்கு அனுப்புவார்கள். அவளும் குரலிலேயே திருத்திச் சொல்வாள்.

அப்படி வாய் திறந்தவள்தான் தாமரை. பதினோரு வயது; திக்குவாய். பள்ளியில் வாசிக்கச் சொன்னால் முதல் எழுத்திலேயே நாக்கு ஒட்டிக்கொள்ளும், வகுப்பு சிரிக்கும். வீட்டிலோ குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தடுக்கிய சொல்லை விடாமல் பிடித்துத் தாண்டி, முழுப் பத்தியையும் பதிவுசெய்து அனுப்பிவிடுவாள்.

"எனக்கு மட்டும்னுதான் அவ படிக்கிறா," என்றாள் வாணி. "இதுவும் கெட்டுச்சுன்னா அப்புறம் அவள வாய் தொறக்க வைக்க என்னால முடியாது."

அந்தக் குரல் பதிவுகளை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளத் தாமரையின் தாய் மாரியாயியிடம் லோகேஸ்வரி முறையாக அனுமதி கேட்டாள். "படிப்புக்குத்தானே? எடுத்துக்கம்மா," என்றாள் அவள்.

கண்டறிந்ததை ஆய்வுக்கு உட்பட்டோரிடமே காட்டிச் சரிபார்க்க வேண்டும் என்பது ஆய்வு நெறி. லோகேஸ்வரி அந்த நெறியில் ஒரு புள்ளியும் பிசகாதவள். செயலிக்கு வெளியேதான் கற்றல் நடக்கிறது என்று வெறுமனே எழுதினால் சிவநேசன் மறுப்பார் என்று எண்ணி, வரைவோடு குரல் பதிவுகளையும் சான்றாக இணைத்து அவருக்கு அனுப்பினாள். தாமரையை 'மாணவி நான்கு' என்று குறித்திருந்தாள். பெயரை மறைக்கத் தெரிந்தவளுக்குக் குரலும் ஒரு பெயர்தான் என்பது உறைக்கவில்லை.

அடுத்த வாரம் அறவாரியப் பக்கத்தில் ஒரு சிறு காணொளி வந்தது. கைக்கணினியோடு தாமரை சிரிக்கும் பழைய படம். அதன்மேல் அவள் திக்கித் திணறி வாசிக்கும் குரல். 'திக்குவாயை வென்றது எங்கள் செயலி' என்பது தலைப்பு. மறுநாளே பள்ளியில் பிள்ளைகள் அதே பத்தியை அதே திக்கலோடு அவளிடம் ஒப்பித்துக் காட்டினார்கள்.

லோகேஸ்வரி பிரிக்பீல்ட்ஸுக்கு ஓடினாள்.

"எடுத்துருங்க அண்ணே. அந்தப் புள்ளைக்குத் தெரியாமயே போட்டிருக்கீங்க."

"அம்மா சைன் பண்ணிருக்காங்க. சேரும்போதே எல்லாத்துக்கும் சேர்த்து வாங்கிருவோம்," என்றார் சிவநேசன். "கமெண்ட்ஸ் படிச்சீங்களா? பாத்தவங்க எல்லாம் அழுறாங்க."

"அவ உங்க ஆப்ல படிக்கவே இல்ல. அதத்தானே நான் எழுதியிருக்கேன்."

"எழுதுங்க. யாரு வேணாம்னா? நம்ம பேஜ்ல அவ்வளவு நீளமா எழுத முடியாது, அவ்வளவுதான்."

அங்கிருந்து காப்பாருக்குப் போனாள். மாரியாயி திட்டவில்லை. "படிப்புக்குன்னுதானேம்மா சொன்ன," என்றதோடு நிறுத்திக்கொண்டாள். தாமரை அறையிலிருந்து வந்தாள். லோகேஸ்வரி அவள் முன் குனிந்து மன்னிப்புக் கேட்டாள். சிறுமி அப்பாவின் கைப்பேசியை எடுத்து எதையோ தட்டி, திரையைத் திருப்பிக் காட்டினாள்: 'பரவால்ல அக்கா'. வாணிக்கும் இப்போது எழுத்தில்தான் பதில் அனுப்புகிறாளாம்.

மேற்பார்வையாளர் டாக்டர் விசாலம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா உங்க தலைப்பே இதுதானே? இதவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைக்காது. ஒரு அத்தியாயமா எழுதிருங்க."

மறுத்துவிடுவோம் என்றுதான் லோகேஸ்வரி நினைத்திருந்தாள். எழுதினாள். தன்னிடமிருந்த பதிவுகளை மட்டும் அழித்துவிட்டாள்; அதற்கு மேல் செய்ய அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் அந்த அத்தியாயத்தை மனதாரப் பாராட்டினார். "அந்தக் குரல் பதிவைக் கேட்கலாமா?"

"அழிச்சிட்டேன் சார்."

"பரவாயில்லை, அவங்க முகநூல் பக்கத்துலதான் இருக்குமே," என்று அவர் தம் கைப்பேசியை எடுத்து, தேடி, ஒலியைக் கூட்டி மேசைமேல் வைத்தார்.

தாமரை வாசித்தாள். அறையிலிருந்தவர்கள் கவனமாகக் கேட்டார்கள். ஒருவர் குறிப்பெடுத்துக்கொண்டார்.