பேச்சுவார்த்தையில் திடீர் முன்னேற்றம்

விழுப்புரத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துத் திண்டிவனம் வந்து இறங்கியதும் சவுரிராயன் பேப்பர் வாங்கினான். நிருபர் வேலையில் ஏழு வருஷம் ஓடிவிட்டது. ஆனாலும் தான் சொன்ன செய்தி எந்தக் கோலத்தில் வந்திருக்கிறதோ என்ற கவலை மட்டும் போகவில்லை. மூன்றாம் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது: ‘மில் பேச்சுவார்த்தையில் திடீர் முன்னேற்றம்.’

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன முன்னேற்றம்? நிலக்கடலை உடைக்கும் மிஷினின் பெல்ட்டுக்கு மூடி போடச் சொன்னாள் என்று அஞ்சம்மாளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவளைத் திரும்பச் சேர்க்க வேண்டும், அது ஒன்றுதான் கோரிக்கை. அதற்காக நாற்பது பெண்கள் பத்தொன்பது நாளாக மில் வாசலில் நின்றார்கள். நேற்று விழுப்புரத்தில் மூன்று மணி நேரம் பேச்சு நடந்தது. முதலாளி பிடி கொடுக்கவே இல்லை. டீ வந்தது, குடித்தார்கள், கலைந்தார்கள். அதைத்தான் ராத்திரி ஆபீஸுக்கு டிரங்க் கால் போட்டுத் தொண்டை கிழியச் சொல்லியிருந்தான்.

மெட்ராஸ் ஆபீஸில் செய்தியைத் திருத்தித் தலைப்புப் போடும் ராஜாமணிக்கு ‘முன்னேற்றம்’ என்ற வார்த்தை உப்பு மாதிரி, எதில் வேண்டுமானாலும் ஒரு கை அள்ளிப் போடுவார். இரண்டு தரப்பும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தால் முன்னேற்றம். நடுவில் டீ வந்தால் திடீர் முன்னேற்றம். ஆற்றுத் தண்ணீர்த் தகராறானாலும் மேம்பாலத் திட்டமானாலும் அதே தலைப்பு. பேப்பர்காரர்களுக்குள் அதற்கு அர்த்தம், இன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான். காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

மில் வாசல் வெறிச்சென்று கிடந்தது. உள்ளே மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. எதிரே டீக்கடை வைத்திருக்கும் தேவநாதன்தான் விஷயத்தைச் சொன்னார்.

“காலையில மேனேஜரே வந்து பேப்பரை விரிச்சுப் படிச்சாரு சார். எல்லாம் முடியப்போவுது, இன்னும் எதுக்கு வெயில்ல நின்னுக்கினு இருக்கீங்கன்னாரு. பேப்பர்லயே வந்துட்டுதேன்னு எல்லாரும் உள்ள போய்ட்டாங்க.”

“அஞ்சம்மா?”

“அது ஊர்லேர்ந்து வர்றதுக்குள்ள கேட்டைச் சாத்திட்டாங்க. உன் விஷயம் இன்னும் பேசிக்கினு இருக்காங்கன்னு வாட்ச்மேன் நிறுத்திட்டான்.”

அந்தப் பெண்கள் மேல் அவனுக்குக் கோபம் வரவில்லை. பத்தொன்பது நாள் அடுப்பு எரியாத வீட்டுக்காரிகளை யார் குறை சொல்ல முடியும்? நேரே தபாலாபீசுக்குப் போனான். முக்கால் மணி நேரம் காத்திருந்த பிறகு மெட்ராஸ் லைன் கிடைத்தது.

“சார், நான் அப்படிச் சொல்லவே இல்லியே. நாளைக்கு ஒரு திருத்தம் போடுங்க.”

“எதுக்குய்யா திருத்தம்? முன்னேற்றம்னு போட்டோம், ஜனங்க வேலைக்குப் போயிட்டாங்க. நம்ம செய்தி பலிச்சிடுச்சு” என்றார் ராஜாமணி. குரலில் அவ்வளவு சந்தோஷம். “வேலைநிறுத்தம் முடிஞ்சதுன்னு நாலு வரி குடு.”

ரிசீவரை வைத்துவிட்டு வெளியே வந்தான். மாச முடிவில் சம்பளம் கொடுக்கிற மனிதரை என்ன சொல்லித் திட்டுவது? வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டு மில்லுக்கு நடந்தான்.

காம்பவுண்டு சுவரோரம் அஞ்சம்மாள் நின்றுகொண்டிருந்தாள். மேனேஜர் படித்துவிட்டுப் போட்ட பேப்பர் அவள் கையில் இருந்தது.

“எனக்குப் படிக்கத் தெரியாதுங்க சார். இதுல என் பேரு எங்க இருக்குன்னு கொஞ்சம் காட்டுங்க.”

அவள் பெயரை அவன் டெலிபோனில் எழுத்தெழுத்தாக இரண்டு தடவை சொல்லியிருந்தான். அச்சில் ‘சில பிரச்சினைகள்’ என்று மட்டுமே இருந்தது. ஏதாவது ஒரு வரியைத் தொட்டுக் காட்டிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அவனால் முடியவில்லை.

“இல்லம்மா. உன் பேரு போடல.”

அஞ்சம்மாள் பேப்பரை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

“என்னை வேலைக்கு எடுக்கத்தான பேசுனாங்க? என் பேரே இல்லைன்னா இது நம்ம மில்லு சங்கதியா இருக்காது சார். வேற எங்கியோ நடந்திருக்கும்.”

சொல்லிவிட்டு அவள் பேப்பரைத் தரையில் விரித்தாள். கேட்டுக்கு நேர் எதிரே அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.