நிற்காத முள்

அந்த ஏசி மெக்கானிக்கைத் தெரிந்தவர்கள் எல்லோரும் ‘நோண்டி’ என்றுதான் கூப்பிடுவார்கள். எதையும் குடைந்து பார்க்காமல் விடமாட்டான். அன்று ஒரு பல் மருத்துவமனையின் பின்சந்தில், ஏசியின் வெளிப்பெட்டி முன்னால் குந்தியிருந்தான். பக்கத்தில் அவனுடைய தங்கை புருஷன், தொழிலிலும் கூட்டாளி.

அழுத்தம் பார்க்க மாட்டிய கேஜில் முள் விறுவிறுவென ஏறியது. பிறகு மெல்ல இறங்கி, கொஞ்ச நேரம் சமர்த்தாக நின்றது. மறுபடி ஏறியது.

“உள்ள காத்து புகுந்திருக்கு மச்சான். இருக்கிற கேஸை எடுத்துட்டுப் புதுசா ஏத்திடலாம்,” என்றான் தங்கை புருஷன்.

“அவசரப்படாதீங்க மாப்ள. காத்து புகுந்திருந்தா நடுவுல இப்படி அடங்கி நிக்குமா?”

வேறு கேஜ் மாட்டினான். அதிலும் அதே கூத்து. ஃபேன் சீராகச் சுற்றியது. பெட்டியின் கம்பி வலையில் தூசியும் இல்லை. பிடி கொடுக்க மாட்டேன் என்கிறதே என்று தாடையைச் சொறிந்தபோது, முள் ஏறத் தொடங்கியது. அதே நேரம் அவன் பிடரியில் சுடச்சுடக் காற்று பட்டது. கூடவே சோப்பு வாசனை.

திரும்பிப் பார்த்தான். எதிர்ச்சுவரில் ஒரு தகரக் குழாய், ஏசிப் பெட்டியைக் குறிவைத்து ஊதிக்கொண்டிருந்தது. அது சலவைக்கடையின் சுவர்.

ஓடிப்போய், “அக்கா, துணி காயவைக்கிற மெஷினைக் கொஞ்சம் நிறுத்துங்களேன்!” என்றான். கடைக்காரம்மா நிறுத்தினாள்.

“இறங்குது மச்சான்!” என்று சந்திலிருந்து தங்கை புருஷனின் குரல் வந்தது. “உங்க குழாய் அனல்தான்க்கா டாக்டர் ஏசியைப் படுத்துது,” என்றான் மெக்கானிக்.

“அனல் என் ஜன்னலுக்குள்ளயே வருதேன்னு போன வாரம்தான் குழாயைத் திருப்பி விட்டேன். அதுக்கும் டாக்டர் ஏசிக்கும் என்னப்பா சம்பந்தம்?”

“ரூம் சூட்டை வெளிய தள்ளுறதுதான் அந்தப் பெட்டியோட வேலை. அது மூஞ்சியிலயே அனலை ஊதினா எங்க போய்த் தள்ளும்? அழுத்தம் எகிறுது.”

“அப்படியா! நான் பார்க்கணுமே.” ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு சந்துக்கு வந்துவிட்டாள்.

குழாயை வானம் பார்க்க வளைத்து மெஷினை ஓட்டினார்கள். முள் அசையவில்லை.

“இப்பப் பழையபடி திருப்புங்க,” என்றாள். ஏறியது. “பாதி திருப்பினா?” பாதிதான் ஏறியது. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஜன்னலில் டாக்டர் தலை தெரிந்தது. “வேலை முடிஞ்சுதா இல்லையா?”

மெக்கானிக் வாயைத் திறப்பதற்குள் கடைக்காரம்மா முந்திக்கொண்டாள். “முடிஞ்சுது டாக்டர். இன்னும் ஒரே ஒரு தடவை பாத்துக்கிறோம்!”