வளையக் கூடாத ரைட்டர்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இது நானாக யோசித்த கதை இல்லை. 1988இல் சேர்வராயன் மலையில், நாகலூர்ப் பக்கத்துக் காப்பி எஸ்டேட் ஒன்றின் ஓய்வுபெற்ற ரைட்டர் (கூலிக்கணக்கு எழுதுபவர்) வேடியப்பன், மெட்ராஸில் இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். நலம் விசாரிக்கப் போனேன். இரண்டு தலையணை போட்ட உயர நாற்காலியிலிருந்து உத்தரவு வந்தது.

"என்ற கதைய எழுதுங்க. வீரமா இருக்கோணும்."

முதல் வரி: 'சேர்வராயன் மலையில் சிங்கமொன்று மெல்ல எழுந்து...' (அடித்துவிட்டேன். சிங்கம் வாக்கர் பிடித்து நடக்காது.)

2

குந்தக் கூடாது, சம்மணமிடக் கூடாது, இடுப்பை வளைத்துக் குனியக் கூடாது; மீறினால் புது மூட்டு நழுவிவிடும். டாக்டரின் இந்தத் தடை மற்றவர்களுக்குத் தண்டனை. முப்பது வருடம், காப்பி பறிப்பவர்கள் வைத்த வணக்கத்துக்குத் தலையைக்கூட அசைக்காத வேடியப்பனுக்கோ அது பட்டம்.

"குனியக் கூடாதுன்னு டாக்டரே எழுதிக் குடுத்துட்டாருங்க!" வந்தவர்களுக்கெல்லாம் சீட்டைக் காட்டினார்.

அவர் மனைவி கலாவதியின் கண்கள் கலங்கின. [உண்மையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.]

"ஏனுங்க, ஆப்ரேசன் அன்னிக்கு வேண்டிக்கிட்டனுங்க. நீங்க எந்திரிச்சு நடந்தா, சேர்வராயன் சாமி குகைக்குள்ள குனிஞ்சு போயிக் கும்புடுவீங்கன்னு."

"யாரைக் கேட்டு?"

"நீங்க மயக்கத்துல இருந்தீங்க."

(கணவன் இடுப்பின்மேல் வேண்டுதல் வைப்பது மனைவியின் உரிமை. சட்டப் புத்தகத்தில் தேட வேண்டாம்.)

குனிந்தால் மூட்டு போகும். குனியாவிட்டால் கொடுத்த காலைச் சாமியே பிடுங்கிக்கொள்ளும் என்று கலாவதி இரண்டு நாள் சோறே தொடவில்லை. வெங்காயம் இல்லாமலே அழுதார். இதை அடிக்கவில்லை.

3

வழி சொன்னது குப்பாயி. ரைட்டரிடம் முப்பது வருடமும் காப்பி பறித்தவள்.

"பலகையில படுக்க வெச்சு உள்ள தள்ளிரலாமுங்க."

"நான் என்ன பொணமா?"

"பொணம் கோவிச்சுக்காதுங்களே."

(இப்படி ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். தலை முதலா, கால் முதலா என்ற சண்டையிலேயே பக்கம் தீர்ந்தது.)

4

கடைசியில் குகை வாசல்வரை ஜீப். பூசாரி முனியப்பன் கற்பூரத் தட்டோடு குனிந்தபடியே வாசலுக்கு வந்து நின்றார்.

"உள்ள வர வேண்டாமுங்க, சாமிகிட்ட நான் பேசிக்கறேன். ஆனா குனியறதா வேண்டுதல். எதையாச்சும் குனிய வெச்சாகோணும்."

வேடியப்பன் கம்பீரமாகச் சீட்டை நீட்டினார்.

தட்டுக்கு அருகில் நின்ற குப்பாயி கேட்டாள்: "இடுப்பத்தானுங்களே மாத்துனாங்க? கழுத்து பழசுதானுங்க?"

கூட வந்திருந்த காப்பிக்காட்டுப் பெண்கள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார்கள். கலாவதி கண்ணை மூடிக் கைகூப்பினார். வேடியப்பன் என்னைப் பார்த்தார், இந்த வரியை அடித்துவிடு என்பதுபோல. அடிக்க மனம் வரவில்லை.

5

கழுத்திலும் வலி, அதனால் குனியவில்லை என்று முடிக்கச் சொல்கிறார் வேடியப்பன். குனிந்திருக்காவிட்டால் கால் நிற்குமா என்கிறார் கலாவதி. "குனிஞ்சாருங்க. சாமிக்கா எனக்கான்னுதான் தெரியல" என்கிறாள் குப்பாயி. எனக்கோ சரியாக அப்போது தும்மல், கண் மூடிக்கொண்டது.

நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். ஆனால் சீக்கிரம். முனியப்பன் தட்டோடு இன்னும் குனிந்தபடியே நிற்கிறார். அவருக்கு இடுப்பும் பழசு.