என்ன அமுக்கினீங்க?

திங்கட்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு ஸ்கிரீன் நின்றது. நின்றது என்றால் அப்படியே நின்றேவிட்டது. துடுப்பைத் தலைக்கு மேல் ஓங்கிக்கொண்டு அந்தரத்தில் ஒருத்தி, எதிரே முக்காடு போட்ட ஒருவன், இருவருக்கும் நடுவில் அடி விழுந்த வெளிச்சம். எதுவும் அசையவில்லை. பின்னணி இசை மட்டும் திக்குவாய் மாதிரி ஒரே எழுத்தில் இடித்துக்கொண்டிருந்தது.

“சித்தி, என்ன அமுக்கினீங்க?” என்று கேட்டான் மாஸ்டர்.

“எனக்கென்ன தெரியும்? எல்லாத்தையும்தான் அமுக்கினேன்.”

அந்த அலுவலகத்தில் அவளைச் சித்தி என்று கூப்பிட உரிமை உள்ளவன் அவன் ஒருவன்தான். அவளுடைய அக்கா மகன். ஆனால் அவன் வாயிலிருந்து கேட்டுக் கேட்டு, வேலைக்குச் சேர்ந்த இரண்டே நாளில் மாடி முழுக்க அவளுக்கு அதுவே பெயராகிவிட்டது. அவளைவிடப் பத்து வயது மூத்த காவலாளிகூட “வாங்க சித்தி” என்றுதான் கதவைத் திறப்பார். அவனுக்கு மாஸ்டர் என்ற பெயர் வந்த கதை வேறு. சண்டை விளையாட்டுகள் தயாரிக்கும் அந்தக் கம்பெனியில் இரண்டு வருஷமாக அவனை ஜெயித்தவர் யாரும் இல்லை.

சித்தியின் வேலையை மேலாளர் முதல் நாளே விளக்கியிருந்தார். அதிகம் பேசாத பெண்மணி. “இதை வாங்குறவங்கள்ல பாதிக்கு மேல குருட்டாம்போக்குல அமுக்குறவங்கதான். தெரிஞ்சவங்க மேடு பள்ளம் பார்த்துப் போயிடுவாங்க. தெரியாதவங்கதான் பள்ளத்துல விழுவாங்க. எங்கே பள்ளம்னு எங்களுக்குத் தெரியணும். அதனால நீங்க விழணும்.” அதற்கென்றே ஜன்னலோரம் ஒரு நாற்காலி இருந்தது. ‘தெரியாதவங்க நாற்காலி’ என்பார்கள். அதற்கு ஆள் தேடியபோது, “எங்க சித்தி கையில ரிமோட்டைக் கொடுத்தா டி.வி.யே குழம்பிடும்” என்று சிபாரிசு செய்தவன் மாஸ்டர்தான்.

பத்து வருஷம் வீட்டோடு இருந்துவிட்டு வந்தவளுக்கு அந்த நாற்காலி சாதாரண விஷயமாகப் படவில்லை. காலையில் போய் உட்கார்ந்தால் “எங்கே அந்தச் சட்டை? எங்கே அந்தச் சாவி?” என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

ஆனால் ஒரு விதி இருந்தது. பிழை கண்டால் படிவம் நிரப்ப வேண்டும். அதில் ‘மறுபடி வரவைக்கும் வழி’ என்று ஒரு கட்டம். வழி சொல்ல முடியாத புகாரை ‘மறுபடி வரவில்லை’ என்று மூடிவிடுவார்கள். மூன்று மாதத் தகுதிகாண் காலத்தில் அப்படி மூன்று மூடப்பட்டால் வேலை நிரந்தரமாகாது. சித்தியின் கணக்கில் ஏற்கெனவே இரண்டு மூடியாகிவிட்டது. மூன்று மாதம் அந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது.

நின்ற திரையை மாஸ்டர் போனில் படம் பிடித்துப் படிவத்தோடு சேர்த்தான். யார் எந்தப் பட்டனை எப்போது தொட்டார்கள் என்று பதிந்து வைக்கும் வசதி ஒன்று உண்டு. அது அன்று அந்த மெஷினில் அணைந்திருந்தது. வேகம் குறைகிறது என்று அணைத்து வைத்தவனும் மாஸ்டர்தான்.

மத்தியானத்துக்குள் ஏழு பேர் வந்து “என்ன அமுக்கினீங்க?” என்று கேட்டுவிட்டார்கள். புரோகிராமர் ஒருவர் மேசையில் குனிந்து, “நல்லா யோசிங்க சித்தி, முதல்ல இடது கையா, வலது கையா?” என்று போலீஸ்காரர் மாதிரி கேட்டார்.

“தும்மினா எந்தப் பக்க மூக்குல முதல்ல வந்ததுன்னு கேட்கிற மாதிரி இருக்கு” என்றாள் சித்தி.

மேலாளர் படத்தைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார். திரையின் மேலே இருவருக்கும் எவ்வளவு உயிர் மிச்சம் என்று காட்டும் கோடுகள் உண்டு. முக்காட்டுக்காரனின் கோடு நூலளவுதான் இருந்தது. முக்காட்டுக்காரனை ஆட்டியவன் மாஸ்டர்.

“உங்க உயிர் ஏன் இவ்வளவு கம்மியா இருக்கு?”

“விட்டுக்கொடுத்து ஆடினேன் மேடம். சித்தி எங்கெங்கே போறாங்கன்னு பார்க்கத்தான். மத்தபடி வழக்கமா ஆடுறதுதான்.”

அதோடு அவனை விட்டுவிட்டார்கள். மாஸ்டர் வழக்கமாக என்ன ஆடுவான் என்பது எல்லாருக்கும் அத்துப்படி.

செவ்வாய்க்கிழமை முழுக்க சித்தி அமுக்கினாள். மாஸ்டர் எதிரில் உட்கார்ந்து சுத்தமாக ஆடினான். கட்டைவிரல் சிவந்ததுதான் மிச்சம். ஸ்கிரீன் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

புதன்கிழமை அவளுக்கு ஒரு யோசனை வந்தது. என்ன அமுக்கினோம் என்று சொல்ல வேண்டுமானால் முதலில் எதற்கு என்ன பெயர் என்று தெரிய வேண்டுமே! விளையாட்டிலேயே பயிற்சி அறை ஒன்று இருந்தது. துடுப்புக்காரியின் அடிகள் மொத்தம் இருபத்திரண்டு. ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி, பக்கத்தில் பட்டனை எழுதி, வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துக்கொண்டே அமுக்கினாள். தடுப்பது எப்படி, எகிறுவது எப்படி, தூக்கிப் போட வருகிறவனிடமிருந்து நழுவுவது எப்படி என்று சாயங்காலத்துக்குள் எல்லாம் கைக்கு வந்துவிட்டது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபோதுகூடக் கட்டைவிரல் சும்மா இருக்கவில்லை. அவளுக்கே பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமை வியாழக்கிழமை காலை பத்து மணி வரை தாக்குப்பிடித்தது. மேலாளர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

“சித்தி, நீங்க தடுக்கிறீங்க.”

“இல்லையே.”

“தடுத்தீங்க. இதோ, இப்பவும் தடுத்தீங்க.”

உண்மைதான். எதிராளி காலைத் தூக்கினால் அவள் விரல் தானாகவே தடுப்புப் பட்டனுக்குப் போனது. கண்ணை மூடிப் பார்த்தாள், காது கேட்டுக்கொண்டு தடுத்தது. ஜன்னலைப் பார்த்தபடி அமுக்கினாள், ஜன்னல் கண்ணாடியில் ஸ்கிரீன் தெரிந்தது. திங்கட்கிழமை சும்மா வந்தது இப்போது தலைகீழாக நின்றாலும் வரவில்லை. நீந்தத் தெரிந்தவளைத் தண்ணீரில் தள்ளி, தத்தளித்துக் காட்டு என்றால் எப்படி?

“நாளைக்குப் பன்னிரண்டு மணி வரைக்கும் பார்க்கலாம்” என்றார் மேலாளர். “அப்புறம் நான் மூடித்தான் ஆகணும். எனக்கு மட்டும் ஆசையா?”

அன்று மத்தியானம் வேறு செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் சித்தி படிவத்தைத் திறந்து அந்தப் படத்தைப் பார்த்தாள். திங்கட்கிழமை பார்த்தபோது அது இரண்டு பொம்மை, ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். இப்போது படித்தால் புரிந்தது. துடுப்புக்காரி எகிறியிருக்கிறாள். துடுப்பு தலைக்கு மேலே. அப்படித் தொடங்கும் அடிகள் நான்குதான். சரி. முக்காட்டுக்காரனை வெளிச்சம் பாதி மறைத்திருந்தது. நீட்டிய ஒரு கை மட்டும் தெரிந்தது. தடுக்கிறான் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் தடுக்கும்போது உள்ளங்கை எதிராளியைப் பார்த்து இருக்கும். இந்த இரண்டு நாளில் அதை அவள் ஆயிரம் தடவை பார்த்திருப்பாள். படத்தில் உள்ளங்கை வானத்தைப் பார்த்து இருந்தது. விரல்கள் உள்பக்கமாக மடங்கியிருந்தன. வா, வா, என்று கூப்பிடுகிற மாதிரி.

அதற்குப் பெயர் நக்கல். பட்டியலில் கடைசி வரி. கண்ட்ரோலரின் நடுவில் கடுகு மாதிரி ஒரு பட்டன். அதை அமுக்கினால் எதிராளிக்கு ஒரு சேதமும் இல்லை, வெறும் கேலிதான். கேலி செய்து முடிக்கும் வரை நாம் திறந்த வீடு மாதிரி நிற்போம். உயிர் நூலளவு இருக்கும்போது தெரிந்தவன் எவனும் அதைத் தொட மாட்டான். கை தறிகெட்டு ஓடினால்தான் விரல் அங்கே போகும்.

மாஸ்டர் காபி மெஷின் பக்கத்தில் தனியாக நின்றிருந்தான்.

“ஏண்டா, சாகப் போற நேரத்துல யாராவது நக்கல் அடிப்பாங்களா?”

“யார் அடிச்சாங்க?”

“படத்துல உன் உள்ளங்கை மேல பார்த்திருக்கு.”

அவன் முகத்தில் ஈயாடவில்லை. “வெளிச்சத்துல அப்படித் தெரியும் சித்தி.”

“தெரியட்டும். அன்னிக்கு நீ என்ன அமுக்கினே?”

அவன் கப்பை மெஷினுக்கு அடியில் வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான்.

“எல்லாத்தையும்தான்” என்றான்.

சித்தி அந்தக் கப்பைப் பிடுங்கி ஓரமாக வைத்தாள்.

“ஆடத் தெரிஞ்சவன் அடிச்சா அடுத்து இதுதான்னு ஒரு கணக்கு இருக்கும். உங்ககிட்ட அது இல்லை. குனிவீங்கன்னு பார்த்தா எகிறுறீங்க. அடிப்பீங்கன்னு பார்த்தா சும்மா நிக்கிறீங்க. நூல் மாதிரி ஆயிடுச்சு உயிரு. பதறிட்டேன். கை என் பேச்சைக் கேட்கலை. ரெண்டு வருஷம் சித்தி. அந்த நாற்காலிகிட்ட தோத்தேன்னா இனிமே மாஸ்டர்னு கூப்பிடும்போதே சிரிப்பாங்க.”

“நாலு நாளா என்னைப் பிழிஞ்சு எடுத்தாங்களே, பக்கத்துல நின்னு நீயும் பார்த்துக்கிட்டுதானே இருந்தே?”

“வேற செக்‌ஷன்ல சொல்லி உங்களுக்கு ஒரு—”

“வேற செக்‌ஷன் வேண்டாம். நாளைக்குப் பதினோரு மணிக்கு வந்து உக்காரு. நான் எகிறி அடிக்கிறேன், நீ நக்கல் அடி. யார்கிட்டயும் நான் எதுவும் சொல்லப் போறதில்லை. அமுக்கினது நீ. சொல்றதும் சொல்லாததும் உன் பாடு.”

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு உட்கார்ந்தார்கள். நான்கு அடியையும் நோட்டில் எழுதி, ஒவ்வொன்றையும் முப்பது தடவை என்று கோடு போட்டாள் சித்தி. மேலாளர் பின்னால் நின்றார்.

“மாஸ்டர் ஏன் நக்கலே அடிச்சுக்கிட்டிருக்கார்?”

“ஒவ்வொண்ணாப் பார்க்கறோம் மேடம்” என்றாள் சித்தி.

நான்கு அடியும் முப்பது முப்பது தடவை முடிந்தது. ஸ்கிரீன் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. மணி பதினொன்று நாற்பது. மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். அது இன்னும் மோசமாக இருந்தது. சித்தி நோட்டை மூடினாள். தெரிந்ததையெல்லாம் செய்தாயிற்று.

மாஸ்டர் கண்ட்ரோலரை மடியில் வைத்தான்.

“நக்கல் மட்டும் இல்லை மேடம். விரலைத் தட்டையா வெச்சு நக்கலையும் தடுப்பையும் சேர்த்து அமுக்கினேன். அன்னிக்கு.”

“என்னைக்கு?”

“திங்கட்கிழமை. விட்டுக்கொடுத்து ஆடினேன்னு சொன்னது பொய்.”

பின்னால் புரோகிராமர் ஒருவர் சிரிக்கத் தொடங்கி, மேலாளர் திரும்பியதும் இருமலாக மாற்றிக்கொண்டார்.

“அமுக்குங்க” என்றார் மேலாளர்.

முதல் அடிக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதுக்கும் இல்லை. மூன்றாவது அடியில், பதினோராவது தடவை, துடுப்புக்காரி எகிறி ஓங்கினாள். மாஸ்டரின் கட்டைவிரல் இரண்டு பட்டனையும் சேர்த்து நசுக்கியது. ஸ்கிரீன் நின்றது. மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. இன்னொரு தடவை செய்தார்கள், நின்றது. இடம் மாறி உட்கார்ந்து செய்தார்கள், அப்போதும் நின்றது.

சித்தி படிவத்தைத் திறந்து ‘மறுபடி வரவைக்கும் வழி’ கட்டத்தில் முதல் ஆட்டக்காரர் செய்ததை எழுதினாள். பிறகு கீபோர்டை மாஸ்டர் பக்கம் தள்ளினாள். அவன் தட்டினான்: ‘இரண்டாம் ஆட்டக்காரர், தோற்றுவிடுவோம் என்ற பயத்தில், நக்கலையும் தடுப்பையும் ஒன்றாக அமுக்குகிறார்.’

மேலாளர் தோளுக்கு மேலாகப் படித்தார். “பயத்துக்குப் பட்டன் கிடையாது. அதை எடுத்துடுங்க.”

எடுத்தான்.

“சித்தி, நீங்க இனிமே அந்த நாற்காலியில உக்கார முடியாது” என்றார் மேலாளர்.

சித்தி படிவத்தைச் சுட்டிக் காட்டினாள். “வழிதான் கண்டுபிடிச்சாச்சே மேடம்?”

“அது தெரியாதவங்க நாற்காலி. உங்களுக்குத் தடுக்கத் தெரியுது, படம் பார்த்துப் படிக்கத் தெரியுது. அங்கே உக்கார்ந்து எனக்கு என்ன பிரயோஜனம்? வழி தெரியாம மூடின புகார் பதினாறு கிடக்கு, உங்களோடது ரெண்டும் சேர்த்து. திங்கட்கிழமையிலேருந்து அதையெல்லாம் திறங்க. மாஸ்டர் பக்கத்து மேசை. நிரந்தர ஆர்டர் சாயங்காலம் வரும்.” இரண்டடி நடந்து திரும்பினார். “இனி எல்லா மெஷின்லயும் அந்தப் பதிவு வசதி எப்பவும் ஓடணும் மாஸ்டர். வேகம் குறைஞ்சாலும் பரவாயில்லை.”

அவர் போனதும் மாஸ்டர் சித்தி பக்கம் குனிந்தான்.

“அம்மாகிட்ட சொல்லிடாதீங்க சித்தி.”

“உங்கம்மாகிட்ட சொல்றதுக்கு வேற ஆயிரம் இருக்கு. மெஷினை அணைச்சுப் போடு. ஒரு ஆட்டம் ஆடலாம், ஒழுங்கா.”

ஆடினார்கள். அவள் நோட்டில் எழுதிய வரிசையிலேயே வந்தாள். அவன் ஒவ்வொன்றையும் வாசலிலேயே நிறுத்தி முப்பத்தெட்டு விநாடியில் படுக்க வைத்துவிட்டான்.

“இன்னொண்ணு” என்றாள் சித்தி.