அப்பா திட்டினார்

இடது கன்னத்தில் நுரை இன்னும் காயவில்லை. அப்பாவின் மூச்சு நின்றுவிட்டது. மகள் கத்தியைக் கீழே வைக்கவில்லை. ஊரார் முகத்தையெல்லாம் வழவழவென்று ஆக்கி அனுப்பிய சலூன்காரரைப் பாதித் தாடியோடு எப்படிக் கிடத்துவது? மீதியையும் மழித்து, ஈரத் துண்டால் துடைத்த பிறகுதான் அம்மாவைக் கூப்பிட்டாள்.

மூளைக்குள் நிணநீர்ப் புற்று என்று தெரிய வந்தபோதே அப்பா சாதுவாகிப் போயிருந்தார். வீடு மிரண்டது அதற்குத்தான். எதிலும் ஒரு நொட்டை சொல்லாமல் சோறு இறங்காத மனிதர், எதைக் கொடுத்தாலும் விருந்தாளி போலச் சிரித்து வாங்கிக்கொண்டார். முதலில் ஏற்றிய மருந்துகள் பலிக்கவில்லை. பிறகு, மூளைக்குள்ளும் போய்ச் சேர்ந்து புற்றுச் செல்களைக் குறிவைத்துத் தாக்கும் மாத்திரை ஒன்றை டாக்டர் எழுதிக் கொடுத்தார். சில வாரங்களில் அப்பா எழுந்து உட்கார்ந்து, "இந்த ஜன்னலை யாரு தொடச்சது, கண்ணு தெரியாதவங்களா?" என்றார். அம்மா அடுப்படிக்குள் போய் அழுதுவிட்டு வந்தாள்.

அதன் பிறகு ஒரு வருஷம் நாள் தவறாமல் வசவு. நடுவில் சலூனுக்குக்கூடப் போய் வந்தார். கடைசியில் அந்த மாத்திரைக்கும் கட்டி அடங்கவில்லை. மறுபடியும் சாதுவாகிவிடலாம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். சாவைக்கூட அம்மா ஒருவாறு ஏற்றுக்கொண்டாள். யாரோ ஒருவராகப் போய்விடுவாரோ என்பதுதான் அவளை அரித்தது. நேற்று முழுக்க அப்பா வாயே திறக்கவில்லை.

அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, மழித்த கன்னத்தைத் தடவினாள். ஏதாவது சொன்னாரா என்று கேட்டாள்.

"திட்டினாரும்மா."

அம்மா நிமிர்ந்தாள். "என்னன்னு?"

"கத்தியைச் சாய்ச்சுப் பிடிடி, இது முகமா, உருளைக்கிழங்கான்னாரு."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் நீர் வழிந்தாலும் வந்தது சிரிப்புத்தான். மகளுக்கும் அது தொற்றிக்கொண்டது. அப்பாடா என்றிருந்தது இருவருக்கும்.

"என்னை ஒண்ணும் சொல்லலையா?" அம்மாவின் குரலில் லேசாகப் பொறாமை தட்டியது.

"சூப்புல உப்பே இல்லையாம்."

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள். மிச்சமிருந்த சூப்பைக் கரண்டியில் எடுத்து, நின்றபடியே ருசி பார்த்தாள். இன்னொரு கரண்டியும் எடுத்தாள்.

"சரியாத்தானே இருக்கு" என்றாள், படுக்கையறைப் பக்கம் திரும்பி.