கண்டனூர்த் தரையில் நாகவல்லியின் பாட்டு

கண்டனூரில் கண்ணம்மை ஆச்சி வீட்டுக் கூடத்தின் தரையில் ஒரு பாட்டு இருக்கிறது. மூன்று நிமிஷம் பத்து விநாடிப் பாட்டு, இருபத்து நான்கு ஆத்தங்குடிக் கல்லில் பரவிக் கிடக்கிறது. செருப்பில்லாமல் நடந்தால் கேட்கும். மழைக்காலத்தில் கொஞ்சம் இழுத்துப் பாடும், அவ்வளவுதான்.

பாடியவள் நாகவல்லி, ஆத்தங்குடியில் தரைக்குக் கல் வார்க்கும் செம்மலையின் மனைவி. அறுபத்தொன்பதில் பினாங்கிலிருந்து திரும்பிய அவர்கள் சிநேகிதன் அப்துல் சுபஹான் ஒரு எலெக்ட்ரிக் கிதாரும், கருப்புத் தட்டில் கோடு கிழித்துப் பாட்டை ஏற்றும் பழைய மெஷின் ஒன்றும் கொண்டுவந்தான். செம்மலை இரண்டு தகர டின்னையும் ஒரு பேண்டு செட் டிரம்மையும் வைத்துக்கொண்டு அடித்தான். மூன்று பேரும் சேர்ந்து ‘பர்மா டீக்’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். பர்மாத் தேக்கில் நிற்கிற வீட்டுத் தூண்களுக்கு இருக்கிற மரியாதை தங்களுக்கும் கிடைக்கட்டும் என்றான் சுபஹான். கல்லல் சந்தையில் முதல் கச்சேரி நடந்தபோது மாடுகள் எல்லாம் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. ஒரே ஒரு மயிலைக்காளை மட்டும் கடைசிவரை நின்று கேட்டது. அதற்கு அடுத்தபடியாக ரசிகர்கள் மெதுவாகத்தான் சேர்ந்தார்கள். அவர்கள் கேட்டதெல்லாம் நாகவல்லி கட்டிய ஒரு பாட்டைத்தான். தலைதெறிக்க சைக்கிள் ஓட்டுகிற புருஷனுக்காகக் கட்டியது அது: ‘சைக்கிள மெல்ல மிதி, ரோடு எங்குட்டும் போகாது.’

எழுபத்தொன்று ஆனி மாசம் அவள் தொண்டையில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. மதுரையில் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, எடுத்துவிட்டால் உயிருக்குப் பயமில்லை, குரல் மட்டும் போய்விடும் என்றார். ஆவணியில் தேதி குறித்தார்கள். நாகவல்லி அழவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு தடவை பாடி வைத்துவிட வேண்டும் என்று மட்டும் சொன்னாள். ஆக, பர்மா டீக்கின் முதல் ரெக்கார்டு தயாராயிற்று. சுபஹான் கீறல் விழுந்த பழைய தட்டுகளை எல்லாம் வாங்கிவந்து உருக்கினான். செம்மலை அதைக் கல் வார்ப்பது போலவே கண்ணாடிமேல் இரும்பு வளையம் வைத்து ஊற்றினான். பதினொரு தட்டு உடைந்து, பன்னிரண்டாவது தட்டு முகம் பார்க்கிற மாதிரி வந்தது. பட்டறையிலேயே மூவரும் வாசிக்க, மெஷின் அதில் கோடு கிழித்தது. நாகவல்லி ஒரே தடவைதான் பாடினாள். இரண்டாம் தடவைக்குத் தொண்டை இடம் கொடுக்கவில்லை. அந்தத் தட்டை மெட்ராசுக்குக் கொண்டுபோய் ஐம்பது நகல் எடுப்பதாக ஏற்பாடு. கண்டாங்கிச் சேலைத் துண்டுகளில் ஐம்பது உறையை அவளே தைத்து முடித்துவிட்டு மதுரைக்குப் பஸ் ஏறினாள்.

செம்மலை செய்தது ஒரே ஒரு காரியம். சட்டத்தில் ஊற்றி எடுத்தது எதுவானாலும் பத்து நாள் தண்ணீரில் ஊறவேண்டும் என்பது அவன் கைக்குத் தெரிந்த வேலை. மனசு மதுரையில் இருக்க, கைகள் அந்தத் தட்டையும் தொட்டிக்குள் இறக்கிவிட்டன. அன்றைக்கு வார்த்த இருபத்து நான்கு பூக்கற்களும் அதே தொட்டியில்தான் கிடந்தன. பத்தாம் நாள் எடுத்தபோது தட்டில் ஒரு கோடுகூட இல்லை. குழந்தை நெற்றி போல வழவழவென்று இருந்தது. மெஷினில் வைத்தால் காற்றுச் சத்தம்கூட வரவில்லை. அந்தப் பத்து நாளைக்குள் ஆபரேஷன் முடிந்திருந்தது.

“கல்லு ஊறும் மச்சான். பாட்டை யாராச்சும் ஊறப் போடுவாகளா?” என்று கேட்டுவிட்டு, அதற்குமேல் கேட்க மனசில்லாமல் சுபஹான் வெளியே போய் உட்கார்ந்துகொண்டான். வீட்டுக்கு வந்த நாகவல்லியிடம் பாட்டு அழிந்துபோனது என்று மட்டும் செம்மலை சொன்னான். யாரால் என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் சிலேட்டில் ‘சோறு சூடா இருக்கு’ என்று எழுதிக் காட்டினாள். அதற்குப்பின் அவன் டிரம்மைத் தொடவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போனான்.

மறு வருஷம் பங்குனியில் கண்டனூர்க் காவல்காரர் மருது கல் பட்டறைக்கு வந்தார். ஆச்சி வீட்டில் போன வருஷம் பதித்த பூக்கற்கள் கேட்பாரற்றுப் பாடுகின்றன என்றார். வீடு பூட்டிக் கிடக்கிறது. முற்றம் வழியாகப் பூனை இறங்கிக் கூடத்தைக் கடந்தால் ஒரு பொம்பளைக் குரல் துண்டு துண்டாக வருகிறது. “குறை ஒண்ணுமில்லப்பா, நல்லாத்தான் பாடுது. உங்க கல்லாச்சே, சொல்லிட்டுப் போவம்னு வந்தேன்.” செம்மலை அன்றைக்கே போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பொழுது சாய்கிற நேரத்தில் பூனை வந்தது. ‘மிதி’ என்றது தரை. பிறகு, ‘ரோடு’.

சாவி மெட்ராசில் ஆச்சியிடம் இருந்தது. கல்யாணம் காட்சி என்றால்தான் அந்த வீடு திறக்கும். சுபஹான் கடிதம் எழுதிக் கேட்டான். மகனுக்குத் தையில் முகூர்த்தம், எல்லாரும் வந்துவிடுங்கள் என்று பதில் வந்தது. தரை பாடுகிற விஷயத்தைச் செம்மலை நாகவல்லியிடம் சொன்னான். அவள் சிலேட்டில் ‘கல்யாணத்துக்கு எந்தச் சேலை?’ என்று எழுதினாள். பத்து மாசம் காத்திருந்தார்கள்.

எழுபத்துமூன்று தையில் கதவு திறந்தது. நானூறு பேர் வெறுங்காலோடு நடக்க, தரை ஒரே நேரத்தில் பாட்டின் எல்லா இடத்தையும் பாடியது. மேளத்தில் முக்கால்வாசி அமுங்கிப்போயிற்று. ஆச்சி மட்டும் குனிந்து கேட்டார்கள். “பாடுறது யாரு? அவ பந்தியில உக்காந்தாளா?” என்று விசாரித்து, நாகவல்லியைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் இலையில் உட்கார வைத்தார்கள். சாப்பிட்டு முடிக்கிறவரை பக்கத்தை விட்டு நகரவில்லை.

பந்தி முடிந்து கூடம் காலியானதும் நாகவல்லி ஒரு கல்லில் காலை வைத்தாள். தன் குரலைக் கேட்டதும் காலை எடுத்துக்கொண்டாள். பிறகு மறுபடி வைத்தாள். கொத்தனார் கற்களைக் கைக்கு வந்தபடி பதித்திருந்ததால் பாட்டு கலைந்து கிடந்தது. அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாண்டி ஆடுகிற மாதிரி இங்குட்டும் அங்குட்டும் தாவி, எதற்குப்பின் எது என்று கண்டுபிடித்தாள். சாயங்காலத்துக்குள் பாட்டு முழுசாக வந்துவிட்டது. சுபஹான் தூணோரம் உட்கார்ந்து வெறும் விரலால் தொடையில் கிதார் வாசித்தான்.

செம்மலை கடைசிக் கல்லின் ஓரத்தில் நின்றான். ஒன்றரை வருஷமாகச் சொல்லாததை அப்போது சொன்னான். “நாகு, தட்டைத் தண்ணியில போட்டது நாந்தான். அன்னைக்கு எனக்குப் புத்தி இங்க இல்ல. எம்மேல கோவமா?”

அவள் சிலேட்டைத் தேடவில்லை. இரண்டு கல் பின்னால் போய், ஒரு கல்லை மட்டும் மிதித்தாள். ‘மெல்ல’ என்றது தரை. அப்புறம் ஜன்னலோரக் கல்லுக்கு ஒரு தாவு தாவினாள். ‘எங்குட்டும் போகாது.’ அந்தக் கல்லிலேயே நின்றுகொண்டு அவனைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

மாற்றுச் சாவியை ஆச்சி நாகவல்லியிடமே விட்டுவிட்டு மெட்ராசுக்குப் போனார்கள். பர்மா டீக்கின் முதல் ரெக்கார்டு அந்த மாசமே வெளியானது. கண்டாங்கி உறை ஐம்பதும், உள்ளே தட்டு இல்லாமல், கண்டனூர் விலாசம் எழுதிய சீட்டோடு போயின. வாங்கியவர்கள் ஒருவரும் குறை சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைகளில் பஸ் பிடித்து வந்து, நாகவல்லி காட்டுகிற வரிசையில் நடந்து கேட்டுவிட்டுப் போனார்கள். பாதத்தில் வெடிப்பு இருக்கிறவர்கள் மிதித்தால் மட்டும் பாட்டு கரகரக்கும். அதற்காக வாசல்படியில் ஒரு கிண்ணத்தில் வேப்பெண்ணெய் வைத்திருக்கிறார்கள்.